மேலே கட்டிய கயிறு

"நிமிந்து நில்லுங்க நர்சம்மா. குனிஞ்சா கயிறு நிக்காது."

பேச்சியம்மா இதைச் சொன்னபோது நாலாம் நம்பர் காட்டில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, முழங்கால் வரை நனைந்து நின்றிருந்தேன். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் தன் இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து என்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

படங்கு என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, தடித்த சாக்குதான். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடியின் ஈரமும் குச்சியும் மேலே படாமலிருக்க அதை இடுப்பைச் சுற்றிப் போட்டு, ஒரு கயிற்றால் இறுக்கிக்கொள்வார்கள்.

பேச்சியம்மா அந்தக் கயிற்றை என் இடுப்பில் கட்டவில்லை. வயிற்றுக்கு மேலே, மார்புக்குக் கீழே கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள்.

பத்தடி தள்ளி சூப்பர்வைசர் முத்தையா குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு மேலே ஏறினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டுமல்ல, பங்களாவில் இருந்த துரைக்கும் தெரியும். தெரியப்படுத்திய புண்ணியவதி நான்தான்.

அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். "அம்மா, எல்லாக் கதையிலும் நீ நல்லவளாகவே வருகிறாயே" என்று என் மகள் போன வாரம் படித்துவிட்டுச் சிரித்தாள். சரி, இதோ.

பிள்ளை பெறவைக்க ஆள் வேண்டும்

எழுபதுகளில் ஏதோ ஒரு வருடம். எந்த வருடம் என்று எழுதினால் என் மகளின் வயது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், சண்டைக்கு வருவாள். அதனால் விட்டுவிடுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்ணான நான் மிட்வைஃப் படித்துவிட்டு வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குப் போனேன். எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். என் கணவர் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வாத்தியார். அவருக்கு லீவு வேக்கன்சியில் கிடைத்த வேலை. எப்போது நிற்கும் என்று அவருக்கே தெரியாது. எனக்குக் கிடைத்ததோ குவார்ட்டர்ஸோடு கூடிய வேலை. கல்யாணமாகி நாலே மாதத்தில் ஆளுக்கொரு மலையோரமாகப் பிரிந்து உட்கார்ந்தோம்.

வேலையில் சேர்ந்த அன்று மானேஜரைப் பார்க்கப் போனேன். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ வருடமாகியும் மானேஜரை 'துரை' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நம் நாட்டுத் துரைதான். என் சர்டிபிகேட்டைப் புரட்டிப் பார்த்தார். தாலியைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் புரொபேஷன். இதுக்கு முன்னால இருந்த மிட்வைஃப் ஆறே மாசத்துல வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னா. அனுப்பிட்டேன். எங்களுக்குப் பிள்ளை பெறவைக்கத்தான் ஆள் வேணும் மிஸஸ் எஸ்தர். பெறுறதுக்குக் கூலிக்காரங்க லயத்து வீட்டுல நிறைய ஆள் இருக்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கூடவே நானும் சிரித்தேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாதது அந்தச் சிரிப்புதான்.

ஆஸ்பத்திரி என்று பெயர். இரண்டு அறையும் ஒரு கம்பவுண்டரும்தான். கம்பவுண்டர் தங்கச்சன், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் நல்ல மனிதர். ஆஸ்பத்திரி இருந்தது கீழ் டிவிஷனில். மேல் டிவிஷனுக்கு இரண்டு மைல் செங்குத்தாக ஏற வேண்டும். புதனும் சனியும் நான் அங்கே போய் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். எஸ்டேட்டில் ஜீப் இருந்தது. அது எனக்கில்லை.

கயிறு சொன்னது

போன புதிதில் எனக்கு ஒரே ஆத்திரம். எவளும் ஏழாம் மாதம் வரை என்னிடம் வருவதில்லை. வந்தவளைப் பிடித்து ஏசுவேன். "ஏன்டி மறைச்சே? உனக்கு ரத்தமே இல்லையே, மாத்திரை யார் குடுப்பா?" என்று கத்துவேன். அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஐந்து மாதம் முடியுமுன் வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும், கரு தங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. மாமியாரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது எப்படி என்று எனக்கு விளங்கவே சில மாதங்களாயின. விளங்கவைத்தவள் பேச்சியம்மா. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. அதற்குள் மூன்று பிள்ளைகள். டெம்பரரி ஆள், அதாவது, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு.

"அவ கயித்தப் பாருங்க நர்சம்மா" என்று ஒருநாள் காட்டில் வைத்து ஒரு பெண்ணைக் காட்டினாள். "போன வாரம் இடுப்புல கெடந்துச்சு. இப்ப மேல ஏறியிருக்கு. அம்புட்டுதான். வாயத் தொறந்து சொல்லணுமாக்கும்?"

பார்த்தேன். கயிறு மேலே ஏறியவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வழியோரமாக, சமதரையில் போகும் செடி நிரை அவளுக்கு விடப்பட்டிருந்தது. மேடும் பள்ளமுமான நிரைகளை மற்றவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுவைக்குப் போகும்போது அவள் கூடையை வேறொருத்தி தலையில் மாட்டிக்கொண்டு போனாள். யாரும் யாரையும் கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

"இத வெளிய யாருக்கும் சொல்லிராதீக" என்று பேச்சியம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அடுத்த மாதமே சொன்னேன்.

மாதக் கூட்டம். ஆபீசில் துரையும் சூப்பர்வைசர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களான நாங்களும். "பிரசவக் கேஸ் எல்லாம் கடைசி நேரத்துலதான் ரெஜிஸ்டர் ஆகுது. மிட்வைஃப் என்ன பண்றீங்க?" என்று துரை கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கண்டுபிடிக்க வழி இருக்கிறது சார்" என்று எழுந்தேன். கயிற்றின் கதையை விலாவாரியாக எடுத்துச் சொன்னேன். கயிறு ஏறியவளைப் பார்த்தால் உடனே என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள், மூன்றாம் மாதமே மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்றேன். துரை டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வெரி குட் என்றார். சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். மதியச் சாப்பாடு அன்றைக்கு எனக்கு ருசியாக இருந்தது.

இரண்டு வாரத்தில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது மாறியது. கயிறு மேலே கட்டிய டெம்பரரி ஆட்களின் பெயர் வரவில்லை. இத்தனை நாள் வேலை செய்திருந்தால்தான் பிரசவ விடுப்புக்குக் கூலி என்று ஒரு கணக்கு உண்டு. அந்த நாள் சேருவதற்குள் நிறுத்திவிட்டால் எஸ்டேட்டுக்குத் தொல்லையில்லை. முதலில் நின்றது பேச்சியம்மாவின் பெயர்.

ஏலக்காய் ஸ்டோரில் பிறந்தவன்

நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை என்பதுதான் கொடுமை. அவள் சக்குபள்ளத்தில் ஏலக்காய் எடுக்கப் போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். சரி, அங்கே கூலி அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஏலக்காய் எடுப்பது என்றால் நின்று பறிப்பதில்லை. ஈரத்தரையில் உட்கார்ந்து, செடியின் அடியில் கையைவிட்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போக வேண்டும். அட்டை கடிக்கும். வயிறு பெரிதான பிறகும் அவள் அதைத்தான் செய்திருக்கிறாள்.

சில மாதம் கழித்து ஒரு கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தைக்குச் சளி.

"எங்கே பிறந்தான்?"

"ஏலக்கா ஸ்டோர்ல. காய் காயப்போடுத சூட்டுல கெடந்தான். நல்லாத்தான் இருக்கான்."

"உனக்கு ரத்தம் எப்படி இருக்குன்னு பார்க்கிறேன், உட்காரு."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். பிள்ளைக்கு மட்டும் மருந்து குடுங்க." மருந்துச் சீசாவை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள். "கயிறு விசயம் தொரைக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னு நாங்க ரொம்ப நாளா யோசிச்சோம். நான் ஒங்க ஒருத்திகிட்டதான் சொல்லியிருந்தேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த ஆளுக்கு மருந்து ஊற்றினேன், பாதி கீழே கொட்டியது.

அதற்குள் காட்டில் கயிறுகள் எல்லாம் கீழே இறங்கிவிட்டன. வயிற்றை அழுத்தி, இடுப்பிலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு மேட்டு நிரையில் ஏறினார்கள். எட்டாம் மாதத்தில் கால் வீங்கி ஒரு பெண் என்னிடம் வந்தாள். பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த மூன்று நாளும் நான் செபித்த செபம் கர்த்தருக்குத்தான் தெரியும்.

எனக்கே வந்தபோது

அந்த வருடம்தான் எனக்கு முதல் கரு உண்டானது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை மழையில் மேல் டிவிஷன் ஏறி இறங்கினேன். திங்கள்கிழமை கலைந்துவிட்டது. லீவு கேட்டால் காரணம் எழுத வேண்டும். "மிண்டாதே இருங்க சிஸ்டரே, ஞான் பார்த்துக்கறேன்" என்று வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, தங்கச்சன் இரண்டு நாள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். மூன்றாம் நாள் புதன்கிழமை. மறுபடி மலை ஏறினேன்.

அடுத்த வருடம் மறுபடி உண்டானேன். புரொபேஷன் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. கணவர் வந்தபோது சொன்னேன். அவருக்குச் சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகம்.

"வேலைய உட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்துரு அம்மணி. கஞ்சியோ கூழோ, இருக்கறதக் குடிச்சுக்கலாம்."

"உங்க வேலையும் போச்சுன்னா?"

நியாயமாகப் பார்த்தால் எனக்கு அது மட்டும் காரணமில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் மிட்வைஃப் என்று எழுதிய பலகை அந்த ஆஸ்பத்திரி வாசலில் தொங்கியது. அதை இறக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பிள்ளையும் வேண்டும், பலகையும் வேண்டும். அதில் என்ன பேராசை, சொல்லுங்கள்.

ஆகவே மறைத்தேன். நாலு முழத் துணியைக் கிழித்து அடிவயிற்றைச் சுற்றிக் கட்டி, மேலே கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையை விறைப்பாக உடுத்திக்கொண்டேன். எவளெவளையோ எதற்காக ஏசினேனோ அதையே செய்தேன்.

நாலாம் மாதம் லேசாக உதிரம் கண்டது. பயந்துபோய்த் துரையிடம் போய் நின்றேன். புதனும் சனியும் மட்டும் ஜீப் கிடைக்குமா, முட்டி வலிக்கிறது என்றேன்.

"இருபத்தஞ்சு வயசுல முட்டி வலியா? உடம்புக்கு முடியாதவங்களுக்கு இந்த வேலை சரிப்படாது மிஸஸ் எஸ்தர். யோசிச்சுக்குங்க."

நான் வெளியே வந்தபோது ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் துரையின் நாய் உட்கார்ந்திருந்தது. வண்டிப்பெரியாருக்கு மாட்டு டாக்டரிடம் காட்டப் போகிறது என்றார் டிரைவர். சினையாம், குலுங்காமல் ஓட்டச் சொல்லி துரை உத்தரவாம். அந்த வாயில்லா ஜீவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அன்று குவார்ட்டர்ஸுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டினேன். செபம் சொல்லும் வாயால் அவ்வளவு பேச முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

நாலாம் நம்பர் காடு

ஐந்தாம் மாதம், ஒரு புதன்கிழமை. மேல் டிவிஷனிலிருந்து இறங்கிவரும் வழியில் நாலாம் நம்பர் காட்டருகே கண் இருட்டியது. அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்தது. அப்படியே பாதையோரமாக உட்கார்ந்துவிட்டேன். இதுவும் போகிறது என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் ஒரே ஒரு வார்த்தைதான் ஓடியது: இரு, இரு, போகாதே.

செடிகளுக்கு நடுவிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலில் வந்தது பேச்சியம்மா. கொழுந்து அதிகம் வரும் காலமென்று அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள்.

"எத்தன மாசம்?"

"என்ன எத்தனை மாசம்? தலை சுத்துது, அவ்வளவுதான்."

"நர்சம்மா, நான் நாலு பெத்தவ."

"அஞ்சு மாசம்" என்றேன்.

என் வயிற்றில் கையை வைத்தவள் சேலைக்கு உள்ளே இறுகியிருந்த துணியைத் தொட்டுவிட்டாள். அவள் முகம் மாறியது. "அடிப்பாவி! எங்களயெல்லாம் என்னா ஏச்சு ஏசுனீக! இப்ப நீங்களே பிள்ளைய இந்த நெருக்கு நெருக்கி வச்சிருக்கீகளே" என்று சொல்லிக்கொண்டே செடி மறைவில் அந்தத் துணியை அவிழ்த்துத் தூர எறிந்தாள். என்னால் மூச்சுவிட முடிந்தது. பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. பிறகு என்னைத் தூக்கி நிறுத்தினாள், தன் படங்கை அவிழ்த்தாள். ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த இடம்.

"பேச்சி, முத்தையா பார்க்கிறார். வேண்டாம்" என்று கெஞ்சினேன்.

"பாக்கட்டும்."

பழி வாங்குகிறாள் என்றே நினைத்தேன். எந்தக் கயிற்றைக் காட்டிக்கொடுத்து அவளை நான் வேலையிலிருந்து துரத்தினேனோ, அதே கயிற்றால் என்னையும் துரத்தப் போகிறாள். நியாயம்தான் என்றும் தோன்றியது.

முடிச்சைப் போட்டுவிட்டு அவள் திரும்பினாள். "ஏட்டி, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கீக? ஒங்க கயிறெல்லாம் எங்க கெடக்கு?"

மாரியம்மாள் என்று ஒருத்தி, புருஷன் செத்துப் பதினைந்து வருடமானவள், தன் கயிற்றை அவிழ்த்து நெஞ்சுக்குக் கீழே ஏற்றிக் கட்டினாள். "எனக்கும்தான் எழுதிக்கோங்க சூப்பரைசரே" என்று கத்தினாள். காடே சிரித்தது. அடுத்தவள் கட்டினாள். அதற்கடுத்தவள். கல்யாணமே ஆகாத பெண்கள் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சரிவில் நின்ற நாற்பது பேரின் கயிறும் மேலே ஏறியிருந்தது.

"என்ன கூத்து இது?" என்றார் முத்தையா.

"இடுப்பு வலிக்கி. மேல கெட்டுனா சொகமா இருக்கு. வேணும்னா நீங்களும் கெட்டிப் பாருங்க" என்றாள் பேச்சியம்மா.

முத்தையா கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். குடையை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கிப் போனார். சாயங்காலம் ஆபீசில் கேட்டபோது, "எல்லாருமே மேலதான் கெட்டியிருக்காளுக. நான் யாரை எழுத?" என்று சொன்னாராம்.

நான் அந்த இடத்திலேயே நின்று அழுதேன். வெட்கத்தில் பாதி, நிம்மதியில் பாதி.

கடைசி வரியில் ஒரு பெயர்

மறுநாள் காலை பிரசவ ரெஜிஸ்டரைத் திறந்தேன். மாதாமாதம் ஆபீசுக்குப் போகும் புத்தகம் அது. அந்த மாதத்துப் பெயர்களுக்குக் கீழே, கடைசி வரியில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். பெயர்: எஸ்தர். வேலை: மிட்வைஃப். மாதம்: ஐந்து. சிபாரிசு: மேடு ஏறக் கூடாது.

தங்கச்சன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "அய்யோ சிஸ்டரே, இது ஆபீசுக்குப் போகுமே!"

"போகட்டும் சேட்டா."

நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நாற்பது பேர் எனக்காகக் கயிற்றை ஏற்றிக் கட்டிய பிறகு நான் மட்டும் துணிக்குள் ஒளிந்துகொண்டிருந்தால், நான் எந்த முகத்தோடு அவர்களுக்குப் பிரசவம் பார்ப்பது?

துரை கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் ரெஜிஸ்டர் விரிந்து கிடந்தது.

"உனக்கு நீயே சிபாரிசு எழுதிக்கிட்டியா?"

'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதைக் கவனித்தேன். "இந்த எஸ்டேட்ல மிட்வைஃப் நான் ஒருத்திதானே சார். வேற யார் எழுதுவாங்க?"

அவர் சிரிக்கவில்லை. இந்தத் தடவை நானும் சிரிக்கவில்லை. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளும்படி சொன்னார். சரி சார் என்றேன். அதற்குமேல் வீரவசனம் எதுவும் எனக்கு வரவில்லை. குவார்ட்டர்ஸுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டி வைத்தேன்.

புதன்கிழமை வந்தது. மேடு ஏறக் கூடாது என்று நானே எழுதியிருந்தேனே, ஏறவில்லை. ஒன்பது மணி இருக்கும். வெளியே சத்தம். மேல் டிவிஷன் பெண்கள் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். கர்ப்பிணிகள், கைப்பிள்ளைக்காரிகள், ஒன்றும் இல்லாதவர்கள், எல்லாரும். எல்லார் கயிறும் மேலே. நாலாம் நம்பர் சேதி மலையேறிப் போயிருந்தது.

"நர்சம்மாவுக்கு மேல வர முடியாதுல்ல? அதான் நாங்க கீழ வந்தோம்" என்றாள் முன்னால் வந்தவள்.

அன்றைக்கு நான் அவசரப்படவே இல்லை. ஒவ்வொருத்தியையும் படுக்கவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணை இழுத்துப் பார்த்து, காலை அமுக்கிப் பார்த்து, நிதானமாக விசாரித்தேன். மாரியம்மாளின் அக்காளுக்கு வயது அறுபதுக்குக் குறையாது. அவள் வயிற்றையும் தடவிப் பார்த்தேன். தங்கச்சன் ஒவ்வொரு பெயராக அழகான கையெழுத்தில் எழுதினார். மேலே கொழுந்து பறிக்க ஆளில்லை. ஃபாக்டரி கொழுந்துக்குக் காத்திருந்தது. முத்தையா மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைத் துரத்த அவராலும் முடியவில்லை.

சனிக்கிழமையும் வந்தார்கள்.

அதற்கடுத்த புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றது. "நர்சம்மாவ மேல கொண்டுபோய் விடச் சொன்னாரு தொரை" என்றார் டிரைவர். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டெல்லாம் நாய் மயிர். தட்டிவிட்டுவிட்டு நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

துரை மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. கொழுந்து முற்றினால் வீண் என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. மாதக் கடைசியில் வேலைநீக்கக் கடிதம் வரவில்லை. புரொபேஷனை இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருப்பதாக ஒரு கடிதம் வந்தது. டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

நாற்பது பக்க நோட்டு

குமுளியில் பஸ் ஏறி, பழனி, பொள்ளாச்சி என்று சுற்றிக் கொழிஞ்சாம்பாறை போய் என் மகளைப் பெற்றேன். சுகப்பிரசவம். அவள் அழுத அழுகையைக் கேட்டு என் கணவரும் அழுதார். லீவு முடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட்டுக்குத் திரும்பினேன்.

வந்ததும் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். பிள்ளை உண்டானவள் பெயரை இதில் எழுதி மாத்திரை தருவேன், இது ஆபீசுக்குப் போகாது, அந்தப் பெயரை நீங்கள் சொல்கிற வரைக்கும் ரெஜிஸ்டரில் ஏற்ற மாட்டேன் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மகளைக் கொஞ்சினார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை. மூன்று வாரம் நோட்டு காலியாகவே கிடந்தது. ஒரு தடவை காட்டிக்கொடுத்தவளை எப்படி நம்புவார்கள்?

நாலாவது வாரம் காட்டுக்குப் போனேன். பேச்சியம்மா பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, ஒரு வருடத்துக்கு மேலாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்.

"பேச்சி, ஆபீஸ்ல கயிறு விஷயத்தைச் சொன்னது நான்தான். நல்லதுன்னு நினைச்சுச் சொன்னேன். ஆனா உன் வேலை போனது என்னாலதான். என்னை மன்னிச்சிரு."

அவள் கை நிற்கவில்லை. "அது தெரிஞ்ச கததான."

"தெரிஞ்சும் அன்னைக்கு எனக்கு ஏன் கட்டிவிட்டே?"

"வயித்துப் பிள்ளைக்குக் கெட்டுனேன். ஒங்களுக்கா கெட்டுனேன்?"

வலித்தது. திரும்பி நாலடி நடந்திருப்பேன்.

"நர்சம்மா, அந்த நோட்டு கையில இருக்கா?"

திரும்பினேன். "இருக்கு. யாருக்கு?"

அவள் கயிற்றைப் பார்த்தேன். மேலேதான் இருந்தது. ஆனால் அந்தச் சரிவில் எல்லாருடைய கயிறும் மேலேதான் இருந்தது. அன்றையிலிருந்து எவளும் அதைக் கீழே இறக்கவேயில்லை. யாரை நிறுத்துவது என்று பெரட்டுக் களத்தில் தெரியாதது போலவே, எனக்கும் இப்போது ஒன்றும் தெரியவில்லை.

"மிட்வைப்புன்னு பேரு, ஒங்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியலையாக்கும்?" என்று சிரித்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் காதருகே வந்தாள்.

"எனக்குத்தான், மூணு மாசம்" என்றாள். "எழுதிக்கோங்க."